படி எடுத்துப் படித்த கதை

தமிழில் 'படி' என்ற சொல்லுக்கு நகல் என்றும் பொருள் உண்டு, 'கற்றுக்கொள்' என்றும் பொருள் உண்டு. ஏட்டுச்சுவடிக் காலத்தில் இவை இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலை. ஒரு நூலைப் பாடம் கேட்க வந்த மாணவன் முதலில் அந்த நூலைப் படி எடுத்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பரவிய அச்சும் அதன் பின்னால் வந்த பதிப்புரிமைச் சட்டமும் படிப்பதையும் படி எடுப்பதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்தன. பிரித்த சட்டமே பிறகு வகுப்பறைக்கென்று ஒரு விலக்கை எழுத வேண்டியிருந்தது. பிறருக்கு உரிமையான எழுத்தையும் இசையையும் படத்தையும் ஆசிரியரும் மாணவரும் அனுமதி கேட்காமல் எவ்வளவு தூரம் கையாளலாம் என்பதே அந்த விலக்கின் பொருள்.

இந்த வரலாற்றின் பழைய அடுக்கு, பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் தென்கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டைச் சுற்றிய ஊர்களில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. லப்பைக்குடிக்காடு இன்று குன்னம் வட்டத்தில் இருக்கிறது. 1860களில் அதே குன்னத்தில் தமிழ் படித்த சிறுவன்தான் பிற்காலத்தில் சங்க நூல்களை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர்.

குன்னத்துத் திண்ணைகள்

உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855இல் பிறந்த சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர், இசையாலும் கதை சொல்வதாலும் பிழைத்தவர். ஆதரிப்போர் இருந்த ஊர்களுக்குக் குடும்பம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. பையனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க யார் கிடைப்பார் என்பதும் அந்த இடப்பெயர்ச்சிக்கு ஒரு காரணம். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியர்கள் மாறினார்கள். சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணம், கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல், விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை என்று பாடங்கள் நடந்தன. நூல் இருக்கும் இடத்துக்கு மாணவன் நடந்து போன காலம் அது.

அன்றைய படி எடுக்கும் வேலை எளிதானதல்ல. பனையோலையைப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, கயிறு கோக்கத் துளையிட வேண்டும். எழுத்தாணியால் கீறிய பிறகு கரியும் இலைச்சாறும் சேர்ந்த மையைத் தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குப் புலப்படும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, குறிலும் நெடிலும் பல இடங்களில் ஒரே வடிவில் நிற்கும், சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. ஆகவே ஏடு கையில் இருந்தாலும் ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லாமல் அதைப் படிப்பது கடினம். நகல் எடுத்தவன் ஆசிரியரை விட்டு விலகிவிட முடியாது. 'பாடம் கேட்டல்' என்ற சொல் இந்த நிலையிலிருந்தே வந்தது. எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்ற பழமொழியும் படி எடுப்பதில் நேரும் பிழையைத்தான் குற்றமாகச் சொல்கிறது. படி எடுத்ததை அது குற்றம் என்று சொல்லவில்லை.

நூலை வைத்திருப்பவர் அதைத் தருவாரா என்பது வேறு சிக்கல். சாமிநாதையரின் ஆசிரியர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இளமையில் திருச்சிராப்பள்ளியில் தண்டியலங்காரத்தைத் தேடி அலைந்தார். வீடு வீடாகப் பிச்சை எடுத்துத் திரிந்த ஒரு பரதேசியிடம் அந்த நூல் இருப்பது தெரியவந்தது. பிள்ளை அவருடன் சுற்றி, அவருக்குக் கஞ்சா வாங்கிக் கொடுத்து மனம் குளிரவைத்துப் பாடம் கேட்டார், நூலையும் பெற்றார். தண்டியலங்காரத்தை எழுதியவரின் உரிமை என்ற பேச்சு அங்கே எழவில்லை. ஏடு யாரிடம் இருந்ததோ அவரிடமே அதிகாரம் இருந்தது.

எழுதியவரின் பெயருக்கு மட்டும் மரபு கண்டிப்பான காவல் போட்டிருந்தது. பிறர் பாட்டைத் தன் பாட்டாகச் சொல்பவனுக்குப் பாட்டியல் மரபு 'கள்ளக்கவி' என்று பெயர் வைத்தது. கார்குடியில் பாடமாக நடந்த நன்னூலே, ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றில் ஆக்கியோன் பெயரை முதலில் வைக்கிறது. முன்னோரின் கருத்தை மட்டுமல்ல, அவர்களுடைய சொற்களையும் அப்படியே எடுத்தாள்வது மதிப்பைக் காட்டும் செயல் என்றும் அது சொல்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று அது வகுத்ததால், ஒரு நூலிலிருந்து இன்னொரு நூல் பிறப்பது இயல்பான காரியம் என்று ஆகிவிட்டது. எடுத்தாளலாம், படி எடுக்கலாம், ஆனால் யாருடையது என்பதை மறைக்கக் கூடாது என்பதே வகுப்பறையின் பழைய சட்டம்.

லப்பைக்குடிக்காடு போன்ற தமிழ் முஸ்லிம் ஊர்களின் ஓதும் பள்ளிகளிலும் இதற்கு இணையான ஒழுங்கு இருந்தது. குர்ஆன் ஓதக் கற்றுத் தருபவரை லெப்பை என்று அழைக்கும் வழக்கம் தமிழ் முஸ்லிம்களிடம் உண்டு. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் மார்க்க நூல்கள் கையால் எழுதப்பட்டும் பிறகு அச்சிடப்பட்டும் பரவின. அரபுக் கல்வி மரபில் ஒரு நூலை ஆசிரியரிடம் முறையாக ஓதி முடித்தவருக்கு, அதைப் பிறருக்குக் கற்பிக்க 'இஜாஸா' என்ற அனுமதி கிடைக்கும். அந்த அனுமதியைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. ஆசிரியர் முன் உட்கார்ந்து ஓதியவருக்கே அது உரியது.

அச்சும் சட்டமும்

1835இல் அச்சுக்கூடங்கள் மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் இந்தியர்களும் தடையின்றி அச்சுத்தொழிலில் இறங்கினார்கள். ஓர் ஏட்டின் இடத்தில் ஆயிரம் பிரதிகள் வந்தன. ஒருவர் செலவிட்டு அச்சிட்டதை இன்னொருவர் மறுநாளே மலிவாக அச்சிட்டு விற்கலாம் என்ற நிலையும் கூடவே வந்தது. பள்ளிப் புத்தகங்களுக்குத்தான் நிலையான சந்தை இருந்ததால் இந்தச் சண்டை அங்கே கடுமையாக இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1847இல் வந்த 20ஆம் சட்டம் இந்தியாவின் முதல் பதிப்புரிமைச் சட்டம். ஆசிரியரின் ஆயுளும் அதற்குமேல் 7 ஆண்டும், அல்லது வெளியான நாளிலிருந்து 42 ஆண்டும், இவற்றில் எது நீண்டதோ அதுவரை உரிமை நீடித்தது. 1867இல் அச்சகங்களையும் புத்தகங்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது.

பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தியாவுக்குப் பொருத்தி 1914இல் வந்த சட்டம்தான் கல்விக்கான விலக்கை இங்கே முதலில் தெளிவாக எழுதியது. சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமரிசனம், திறனாய்வு, நாளிதழ்ச் சுருக்கம் ஆகியவற்றுக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாள்வது உரிமை மீறல் ஆகாது என்றது. பள்ளிகளுக்கான தொகைநூல்களில் உரிமையுள்ள படைப்புகளிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம், ஆனால் ஒரே பதிப்பாளர் ஒரே ஆசிரியரிடமிருந்து 5 ஆண்டுக்குள் 2 பகுதிகளுக்குமேல் எடுக்கக் கூடாது என்றது. இந்தக் கணக்கு இன்றைய சட்டத்திலும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இந்திய மொழிகளுக்கு உதவும்படி 1914ஆம் ஆண்டுச் சட்டம் மொழிபெயர்ப்பு உரிமையை மட்டும் வெளியீட்டிலிருந்து 10 ஆண்டுக்குக் குறைத்தது.

பழைய நூல் யாருடையது, அதைப் பதிப்பித்தவருக்கு என்ன உரிமை என்ற கேள்வி பாடப்புத்தகம் வழியாகவே மேல்முறையீட்டின் உச்சிக்குப் போனது. புளூட்டார்க் எழுதிய அலெக்சாந்தரின் வாழ்க்கை வரலாற்றை மாணவர்களுக்காகச் சுருக்கி, குறிப்புகள் சேர்த்து மாக்மில்லன் நிறுவனம் வெளியிட்டிருந்தது. பம்பாயின் கூப்பர் நிறுவனம் அதையொட்டி இன்னொரு புத்தகம் கொண்டுவந்தது. 1920களில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொன்னது: யாருக்கும் உரிமையில்லாத பழைய மொழிபெயர்ப்பிலிருந்து சில பகுதிகளைத் தெரிந்தெடுத்ததால் மட்டும் அந்த மூலப்பகுதிக்கு உரிமை பிறக்காது, உழைத்து எழுதிய குறிப்புகளுக்கு உரிமை உண்டு. தமிழ்ப் பதிப்புகளுக்கு இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்த்தால் பிரிவு எளிதில் விளங்கும். சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவரின் பாட்டு எல்லோருக்கும் பொது. முகவுரையும் குறிப்புரையும் ஐயருடையவை.

பாரதியின் பாட்டு

உரிமை என்ற சொல் தமிழ்நாட்டில் தெருவரை வந்து பேசப்பட்டது பாரதியால்தான். 1921இல் மறைந்த பாரதியின் எழுத்துரிமை குடும்பத்தினரிடமிருந்தும் பதிப்பித்தவர்களிடமிருந்தும் பல கைகளுக்குப் போனது. பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியாக விற்கப்பட்டு, கடைசியில் ஏ. வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. அவர் 1947இல் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகள் ஒலித்தன. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு இடம்பெற்றபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. சுதந்திரப் போராட்டத்தில் ஊர்வலமெல்லாம் பாடிய பாட்டுக்கு ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கேட்டார்கள்.

1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையை விலையில்லாமல் கொடுத்தார். 1950களின் நடுவில் அரசு அதைப் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. 'நாட்டுடைமை' என்ற சொல் தமிழ் இலக்கியத்தில் நிலைபெற்றது இப்படித்தான். பாரதிதாசன், தேவநேயப் பாவாணர் என்று பின்னால் பலருடைய நூல்களை மாநில அரசு குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கியது. பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு நேரடியானது. நாட்டுடைமையான நூலை ஆசிரியர் முழுமையாக நகல் எடுத்துக் கொடுக்கலாம், மேடையேற்றலாம், இணையத்தில் ஏற்றலாம். விலக்கைத் தேட வேண்டிய தேவையே இல்லை.

1957ஆம் ஆண்டுச் சட்டம்

சுதந்திர இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் நிறைவேறி 1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று நீண்ட பட்டியலாகச் சொல்வது அதன் 52ஆம் பிரிவு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதில் பள்ளியைத் தொடும் பகுதிகள் முக்கியமாக மூன்று.

முதலாவது, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகல் எடுப்பது. கேள்வித்தாளில் சேர்ப்பதும் விடைத்தாளில் எழுதுவதும் இதிலேயே அடங்கும். இரண்டாவது, 1914இலிருந்து வந்த தொகைநூல் விலக்கு. மூன்றாவது, கல்வி நிலையத்தின் செயல்பாடுகளின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் நாடகம் போடுவது, பாட்டுப் பாடுவது, திரைப்படமோ ஒலிப்பதிவோ போட்டுக் காட்டுவது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் அல்லது காப்பாளர், அந்த நிலையத்தின் செயல்பாட்டோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் வேறு வழியில் போகிறது. அங்கே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் விளையும் பாதிப்பு என்ற நான்கையும் எடைபோடச் சொல்கிறது. அதனுடன் வகுப்பறைக்கென்று பதிப்பாளர்களும் கல்வியாளர்களும் ஒப்புக்கொண்ட வழிகாட்டுதல், முழுக் கவிதையென்றால் 250 சொல்லுக்குள், உரைநடைப் பகுதியென்றால் 1,000 சொல் அல்லது நூலில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது என்று எண்ணிக் கொடுத்தது. இந்தியச் சட்டம் பக்கத்தை எண்ணவில்லை. யார் செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்று மட்டும் கேட்கிறது.

உரிமையின் காலம் ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டு என்றிருந்தது, 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 60 ஆண்டானது. 1941இல் மறைந்த தாகூரின் உரிமை முடிந்துவிடும் நேரத்தில் வந்த மாற்றம் அது. 1942இல் மறைந்த சாமிநாதையர் தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகளுக்கும் அதனால் 2002 முடியும்வரை காவல் நீண்டது.

நோட்ஸ் எழுதியவர்கள்

வகுப்பறைக்குப் பக்கத்திலேயே வளர்ந்த இன்னொரு தொழில் உரைநூல் தொழில். குன்னமும் பெரம்பலூரும் அப்போது சேர்ந்திருந்த திருச்சி மாவட்டத்தின் தலைநகரே அதன் பெரிய நிலையம். திருச்சி புனித வளனார் கல்லூரித் தமிழாசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுத, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரை தலைமுறை தலைமுறையாக மாணவர் கையில் இருந்தது. 'கோனார் நோட்ஸ்' என்றால் தமிழ் உரைநூல் என்றே பொருளாகிவிட்டது.

ஒருவர் எழுதிய நூலுக்கு இன்னொருவர் விற்பனைக்காகச் சுருக்கமும் விளக்கமும் எழுதலாமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இரண்டு முறை வந்தது. இரண்டிலும் எதிர்த்தரப்பு, கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கில நூல்களுக்கான கைடுகளை வெளியிட்ட ஒரே சென்னைப் பதிப்பாளர். 1959இல் பிளாக்வுட் நிறுவனம் தொடுத்த வழக்கில், கையாளுதல் நியாயமானதா என்று பார்க்கும்போது மூல நூலோடு போட்டியிட்டு லாபம் பெறும் எண்ணம் இருந்ததா, நோக்கம் முறைகெட்டதா என்பவற்றை நீதிமன்றம் கவனித்தது. 1964ஆம் ஆண்டு வழக்கு இன்னும் சுவையானது. வழக்குத் தொடுத்தவர் நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர். அவருடைய 'எ பாஸேஜ் டு இந்தியா' பல்கலைக்கழகத்தில் பாடமாக இருந்தது. அதற்கு வந்த கைடு, நாவலின் இடத்தைப் பிடிக்கும் சுருக்கம் அல்ல என்றும் மாணவர் அதைப் புரிந்துகொள்ள உதவும் வேறொரு நூல் என்றும் கருதிய நீதிமன்றம், உரிமை மீறல் இல்லை என்றது. நன்னூலின் சொல்லில் சொன்னால், அது வழிநூலும் அல்ல, உரை.

நகல் கடை

1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தொடங்கியபின் பள்ளிப் பாடப்புத்தகத்தின் பதிப்பாளர் அரசே என்றாகியது. இலவசப் பாடநூல்கள் வந்தபின் பள்ளி மாணவர் புத்தகத்தைப் படி எடுக்கும் தேவை குறைந்தது. கல்லூரியில் நிலைமை வேறு. வெளிநாட்டுப் பதிப்பாளரின் நூல் ஒன்றின் விலை ஒரு குடும்பத்தின் பல நாள் கூலிக்குச் சமம். நூலகத்தில் இருப்பதோ ஒன்றிரண்டு பிரதி. கல்லூரி வாசலில் 'ஜெராக்ஸ் கடை' பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

இந்தியா இந்தச் சிக்கலை உலக அரங்கிலும் எழுப்பியிருந்தது. 1967இல் ஸ்டாக்ஹோமிலும் 1971இல் பாரிஸிலும் பெர்ன் உடன்படிக்கை திருத்தப்பட்டபோது, கல்விக்குத் தேவையான நூல்களை மறுபதிப்புச் செய்யவும் மொழிபெயர்க்கவும் வளரும் நாடுகளுக்குத் தனி வழி வேண்டும் என்று கேட்ட நாடுகளில் இந்தியா முன்னணியில் நின்றது. அந்த வழியை 1983ஆம் ஆண்டுத் திருத்தம் நம் சட்டத்தில் சேர்த்தது. ஆனால் அதற்கான நடைமுறை நீளம். கடையில் நகல் எடுப்பது ஐந்து நிமிட வேலை.

2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பாளர்கள் தில்லிப் பொருளாதாரக் கல்லூரி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி நகல் கடைமீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தார்கள். பாடத்திட்டத்தில் ஆசிரியர்கள் குறித்த பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்துக் கட்டி, பக்கத்துக்குச் சில காசு விலையில் அந்தக் கடை மாணவருக்கு விற்றுவந்தது.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். 'கற்பித்தலின் போக்கில்' என்பது வகுப்பு நடக்கும் ஒரு மணி நேரத்தோடு முடிவதல்ல, பாடத்திட்டம் வகுப்பதிலிருந்து தேர்வுவரை நீள்கிறது என்றார். முன்பு மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதை நினைவுகூர்ந்த அவர், விளைவு ஒன்றாக இருக்கும்போது கருவி மாறியதால் மட்டும் செயல் குற்றமாகாது என்றார். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வும், கற்பிக்கும் நோக்கத்துக்குத் தேவையான அளவுதான் எல்லை, பக்க எண்ணிக்கை அல்ல என்று விளக்கியது. அந்தத் தொகுப்புகளில் இருந்தவை உண்மையில் பாடத்துக்குத் தேவைப்பட்டனவா என்று விசாரிக்க மட்டும் வழக்கைத் திருப்பியனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பாளர்கள் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்றைய வகுப்பறை

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் குறியீடு அச்சாகியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே நோய்த்தொற்று பள்ளிகளை மூட, பாடம் கைப்பேசிக்குள் வந்தது. லப்பைக்குடிக்காட்டில் ஓர் ஆசிரியரோ தில்லியில் ஒரு பேராசிரியரோ, இருவருக்கும் சட்டம் ஒன்றே. ஒரு சிறுகதையை நகல் எடுத்து வகுப்பில் கொடுத்துப் பாடம் நடத்தலாம். வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு படத்தை மாணவருக்குப் போட்டுக் காட்டலாம். ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் திரைப்பாட்டுக்கு ஆடலாம். அதே விழாவுக்கு டிக்கெட் போட்டு ஊராரை அழைத்தாலோ, படத்தை யாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றினாலோ, கதைத் தொகுப்பு முழுவதையும் நகல் எடுத்து வெளியே விற்றாலோ, அது பள்ளியின் வட்டத்தைத் தாண்டிவிடுகிறது. அப்போது உரிமையாளரின் அனுமதி தேவை.

விலக்கு இருக்கும் இடத்திலும் ஒரு கடமை மிச்சம். படைப்பாளியின் பெயருக்கான உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியாகக் காக்கிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அந்த உரிமை படைப்பாளியை விட்டுப் போவதில்லை. நகல் தாளின் அடியில் ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் எழுதுவது, ஆக்கியோன் பெயரை முதலில் கேட்ட நன்னூல் பாயிரத்தோடு ஒத்துப்போகும் வழக்கம். கார்குடியில் அந்த நூற்பாவைப் பாடம் கேட்ட காலத்தில் இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம் வந்து ஏறத்தாழ 20 ஆண்டுதான் ஆகியிருந்தது.